நாரை பார்க்க வந்த மகனுக்கு

அன்புள்ள மகன் ஜெயபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடும் கன்றும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, நீ சுகமாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். போன தடவை வந்ததைவிடச் சதை போட்டிருக்கிறாய், நல்லதுதான், உன் மனைவி சுகன்யா வேளைக்குச் சோறு போடுகிறாள் என்று தெரிகிறது. உச்சந்தலையில் ஒரு கை அகலத்துக்கு முடி கொட்டியிருக்கிறது. போனில் நெற்றியும் மூக்கும் மட்டும் காட்டுவதால் இத்தனை நாளாக அது எனக்குத் தெரியவில்லை. பின்கழுத்து வெயிலில் கன்றிக் கிடக்கிறது, கனடாக் குளிரில் இருந்துவிட்டு நம் ஊர் வெயிலில் மணிக்கணக்காக நின்றால் அப்படித்தான் ஆகும், ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும். ஓமலூரில் உன் தங்கை கோகிலவாணி நன்றாக இருக்கிறாள், மாப்பிள்ளைக்குத் தறிப்பட்டறையில் வேலை விடாமல் ஓடுகிறது. இங்கே மரவள்ளி பிடுங்கியாகிவிட்டது, மழை அதிகமாகிக் கிழங்கில் மாவு பிடிக்கவில்லை என்று மில்லில் முகத்தைச் சுளித்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னாயியின் நாய் நம் கோழியைப் பிடித்துவிட்டது, கேட்டால் அது எங்கள் நாயே இல்லை என்கிறாள், நாய் அவள் காலடியில்தான் படுத்திருந்தது. முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல இப்போது யாருக்கும் கூச்சம் இல்லை.

உனக்கு வேலை அதிகம், பலதும் மறந்திருக்கும், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உன் அப்பா சடையன் ஆவணி மாதம் செத்துப்போனார். லீவு இல்லை என்று நீ வரவில்லை. சின்னாயி மகள் தீபிகா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, பாடை போனதை நீ கனடாவில் இருந்தபடியே பார்த்தாய், நடுவில் நெட் போய்விட்டது, மறுபடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளியை உன் பெரியப்பா மகன் ராசு வைத்தான். காடாற்று அன்று எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போட்டதும் பங்காளிகள் எல்லோரும் அன்றைக்கே ஆற்றில் விட்டுவிடலாம் என்றார்கள். நான்தான் ஒப்பவில்லை. கொள்ளிதான் வைக்க முடியவில்லை, எலும்பையாவது பெற்ற மகன் கையால் பவானிக் கூடுதுறையில் கரைக்கட்டும் என்று அடம்பிடித்தேன். நீயும் போனில், ஆமாம்மா, நானே வந்து கரைக்கிறேன், எடுத்து வெச்சிருங்க என்றாய். நம் வகையறா வழக்கம் உனக்குத் தெரியும். கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, மரத்தில்தான் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒருமுறை இறக்கிவிட்டால் மறுபடி கட்டக் கூடாது, இறக்கிய அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் ஆற்றில் சேர்த்துவிட வேண்டும். கிணற்றோரப் புங்க மரத்தில் கட்டினோம். மழை நனைக்காமல் மேலே பாலித்தீன் சுற்றி, எறும்பு ஏறாமல் கயிற்றில் வேப்பெண்ணெய் தடவி, ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது போல்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது, கொஞ்சம் பொறுத்துக்குங்க, பையன் வந்திருவான் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவேன். உயிரோடு இருந்தவரை சோறு ஒரு நிமிசம் தாமதமானால் தட்டைத் தள்ளிவிட்டுப் போன மனுசன், செத்த பிறகு உனக்காகப் பொறுமை கற்றுக்கொண்டார்.

மார்கழி அமாவாசைக்கு முதல் நாள் தீபிகா காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வந்தாள். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா, பிரகாஷ் அண்ணன் வந்திருக்காருங்க, சொல்லவே இல்லையே நீங்க என்றாள். எங்கே பார்த்தாய் என்றேன். சேலத்துல ஏரிப் பூங்காவுலங்க, ஒரு வாரமா தினமும் காத்தால பெரிய கேமரா வெச்சுக்கிட்டு நாரைக் கூட்டைப் படம் புடிச்சிட்டு இருக்காரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நான் பக்கத்துல போகலீங்க என்றாள். எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது. ஒரு வாரமாகியும் வீட்டுக்கு வரவில்லையே என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை, பார்த்துக்கொள், அவ்வளவு முட்டாள் உன் அம்மா. அஸ்தம்பட்டியில் மாமனார் வீட்டில் தங்கி, அமாவாசை பார்த்து வந்திருக்கிறான், அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போன கூச்சத்தில் வாசல்படி மிதிக்கத் தயங்குகிறான், திடீரென்று வந்து நிற்க நினைக்கிறான் என்று எல்லா நியாயத்தையும் உனக்காக நானே கண்டுபிடித்துக்கொண்டேன். பிள்ளை கூச்சப்பட்டால் பெற்றவள் இறங்கிப் போக வேண்டியதுதானே. நாமே கலயத்தைக் கொண்டுபோய்விட்டால் அங்கிருந்து இரண்டு பேருமாகப் பவானி போய்விடலாம் என்று முடிவு செய்தேன். உனக்குப் போன் போடவில்லை, போட்டால் உன் ஆசை கெட்டுவிடும் அல்லவா. விடிந்ததும் ராசுவை மரம் ஏறச் சொன்னேன். அவன் கயிற்றில் கை வைத்தபடி, இறக்குனா திரும்பக் கட்டக் கூடாதுங்க சின்னம்மா, தம்பிகிட்டப் பேசிட்டீங்களா என்றான். என் மகனிடம் நான் என்னடா பேச வேண்டும், இறக்கு என்றேன்.

கலயத்தைப் புதுத் துணியில் கட்டி வயர் கூடையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு தாரமங்கலம் வழி பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் கூடையைக் கீழே வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டான், வைக்க முடியாதுப்பா என்றேன், உள்ளே என்ன தங்கமா என்றான், ஆமாம் என்றேன். பூங்காவில் உன்னைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கரைக்குப் பக்கத்தில் திட்டு, திட்டில் மரம், மரத்தில் கூடு, அதற்கு நேரே நீ. சாம்பல் நிறத்தில் நீளக் கழுத்தோடு நாரை ஒன்று கூட்டு விளிம்பில் நின்றது, உள்ளே மூன்று குஞ்சு. நீ ஒற்றைக் கண்ணைக் கேமராவில் வைத்து அசையாமல் நின்றாய். சுகன்யா பக்கத்தில் டீ கிளாசோடு நின்றாள். படம் எடுத்து முடிக்கட்டும், எத்தனை ஆசையோடு வந்திருக்கிறானோ என்று உனக்குப் பின்னால் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். தலையில் முக்காடு, மடியில் கூடை. எனக்கும் ஒரு டீ குடிக்கலாம் போல இருந்தது, ஆனால் உன் அப்பாவை எங்கே வைப்பது. அப்போதுதான் சுகன்யா உன்னிடம், இன்னிக்கு அமாவாசை, அத்தைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தரலாங்க, பாவம் காத்துக்கிட்டு இருப்பாங்க என்றாள். அந்தப் பெண்ணை இனி நான் ஒரு குறை சொல்லமாட்டேன். நீ கேமராவில் இருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாய். போனா விடமாட்டாங்க, அழுவாங்க, சொந்தமெல்லாம் கூடி மொட்டை அடின்னுவாங்க, இருக்கிற லீவு பூரா அதுலயே போயிரும், நாம வந்ததே அம்மாவுக்குத் தெரியாது, தெரியாதவங்களுக்கு வருத்தம் எங்கிருந்து வரும் என்றாய். அப்பறம் எலும்பு என்றாள் அவள். எலும்பு எங்க ஓடிப்போகப் போவுது என்றாய். ஓடித்தான் வந்திருந்தது ஜெயபிரகாஷ், தாரமங்கலம் வழி டவுன் பஸ்ஸில் ஏறி உன் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. இருக்கிற நாலு மயிருக்கு மொட்டை அடித்தால் உனக்குப் பெரிய நட்டமும் இல்லை.

காதில் விழுந்ததை நம்ப மனசு வரவில்லை. தள்ளிப் போய், பூக்களைப் பறிக்காதீர் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் நின்று, கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்துப் பார்த்ததையும், பேரைச் சுகன்யாவிடம் காட்டி உதட்டில் விரல் வைத்ததையும் பார்த்தேன். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் பேசினாய். எங்கே சாமி இருக்கே என்றேன். ஊட்லதாம்மா, இங்க நடுராத்திரி, வெளிய பனி கொட்டுது, சுகன்யா தூங்கறா, சத்தமாப் பேச முடியாது என்றாய். சுகன்யா தலையைக் குனிந்துகொண்டு டீ கிளாசையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கூட்டில் நாரை தொண்டை கிழியக் கத்தியது. அதென்ன சாமி சத்தம் என்றேன். ஹீட்டரும்மா, பழசாயிருச்சு என்றாய். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவாயா. கலயம் காத்துக்கிட்டே இருக்குது சாமி என்றேன். இந்த வருசம் லீவே இல்லம்மா, ஆடிக்குப் பாக்கலாம், நீங்க உடம்பைப் பாத்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டாய். வைத்த கையோடு கேமராவைத் தூக்கினாய். பொய் சொன்னதற்காகக் கை ஒரு நொடி நடுங்கியிருந்தாலும் நான் ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன், படம் நடுங்காமல் எடுக்க வேண்டும் என்று அவ்வளவு கவனமாக நின்றாய்.

நீ எதை அப்படிப் பார்க்கிறாய் என்று நானும் பார்த்தேன். மூன்று குஞ்சில் பெரியது சின்னதன் தலையில் கொத்திக்கொண்டிருந்தது. விளையாட்டு என்று நினைத்தேன், இல்லை, நிறுத்தவே இல்லை. சின்னது கழுத்தை மடித்துக்கொண்டு கூட்டின் ஓரத்துக்குப் போனது, பெரியது விடாமல் பின்னாலேயே போய்க் கொத்தியது. தலையில் தோல் உரிந்து சிவந்துவிட்டது. தாய் நாரை அங்கேயேதான் நின்றது, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு, யார் வீட்டுச் சண்டையோ என்பது போல. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய், அய்யோ கொல்லுதே, விரட்டுங்கப்பா என்று கைதட்டினார். நீ அவர் பக்கம் திரும்பி, சத்தம் போடாதீங்க சார், அதுங்க வழி அது, நாம குறுக்க போகக் கூடாது, வலுவுள்ளதுக்குத்தான் தீனி, தாயே விட்டுருச்சு பாருங்க என்று கோபமாகச் சொன்னாய். சுகன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சின்னது கூட்டில் இருந்து சரிந்து தண்ணீரில் விழுந்தது. நீ விழுவதையும் விடாமல் எடுத்தாய். தாய் நாரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெற்றதை விட்டுவிட்டு இப்படியும் ஒரு தாய் கால் மாற்றிக்கொண்டு நிற்கலாம் போலிருக்கிறதே என்று எனக்கு அப்போது ஒரு தைரியம் வந்தது.

ஆனாலும் நான் நாரை இல்லை, கடைசியாக ஒருமுறை உன்னிடம் வந்தேன். இது உனக்குத் தெரியாது. சுகன்யா டீ கிளாசைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், கூடையோடு வந்து உன் வலது கைப்பக்கம், உன் சட்டை என் மேல் உரசும் அளவுக்கு நின்றேன். உன் மேல் சென்ட் வாசனை. பேர் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்தேன். நீ கண்ணைக் கேமராவில் இருந்து எடுக்காமல், ஓரத்தில் கூடையை மட்டும் பார்த்துவிட்டு, வேண்டாம்மா, போம்மா என்று கையை ஆட்டினாய். கடலை விற்க வந்தவள் என்று நினைத்தாய். வருசக்கணக்கில் நேருக்கு நேராக நீ என்னை அம்மா என்றது அது ஒன்றுதான். கை கூடையில் பட்டது. உன் அப்பாவைத்தான் தள்ளிவிட்டாய். சரி சாமி என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிட்டேன்.

கலயத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, மரத்தில் கட்ட முடியாது, பொழுது சாய்வதற்குள் ஆறு சேர வேண்டும். ஈரோட்டு பஸ்ஸில் ஏறி நானே பவானிக்குப் போனேன். கூடுதுறையில் அமாவாசைக் கூட்டம் நெரிந்தது. காரியம் செய்துவைக்கும் ஐயர், பொம்பளைங்க கரைக்கிறதில்லையேம்மா, மகன் இல்லையா என்றார். இல்லைங்க என்றேன். பொறக்கவே இல்லையா, பொறந்து தவறிட்டாரா, காரியத்துக்குச் சரியாச் சொல்லணும் என்றார். பெறவே இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. உன்னைச் சுமந்த வயிறு என்னோடுதானே இருக்கிறது, அது கேட்டுக்கொண்டுதானே இருக்கும். அதனால் தவறிட்டானுங்க என்றேன். எப்போது என்றார். மார்கழி அமாவாசை என்றேன். போன வருசமா என்று கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் அவராகவே தலையாட்டிக்கொண்டார். உன் அப்பாவை நான் என் கையால் தண்ணீரில் விட்டேன், இத்தனை நாள் காத்திருந்தவர் ஒரு நொடியில் போய்விட்டார். பிறகு ஐயர், அப்பாவுக்கு விட்டாச்சு, மகனுக்கும் எள்ளும் தண்ணியும் விட்டுருங்கம்மா, பேரைச் சொல்லி மூணு தடவை என்றார். சொன்னேன் ஜெயபிரகாஷ். உனக்குப் பேர் வைத்த அன்று காதில் மூன்று தடவை சொன்னதும் இந்த வாய்தான். முதல் தடவை கை நடுங்கியது, இரண்டாவது தடவை கொஞ்சம், மூன்றாவது தடவை இல்லை. ஆற்றில் முழுகி எழுந்து கரையில் உட்கார்ந்து அழுதேன். அது உன் அப்பாவுக்காக இல்லை, அவருக்கு அழுது முடித்து நாளாகிவிட்டது.

ஊருக்கு வந்து இறங்கியதும் ராசு ஓடி வந்து, தம்பி கரைச்சாருங்களா சின்னம்மா என்றான். ஆமாம், நல்லபடியாகக் கரைத்தான், லீவு முடிந்து அப்படியே போய்விட்டான் என்றேன். கோகிலவாணிக்கும் அதையே சொல்லிவிட்டேன். உன் பேர் ஊரில் கெடாது, இனி உன்னை யாரும் வா என்று கூப்பிடவும் மாட்டார்கள், நீ நிம்மதியாக இருக்கலாம். இதை உன் மாமனார் வீட்டுக்கு அனுப்பாமல் கனடா விலாசத்துக்கு அனுப்புகிறேன், உன் விடுமுறையைக் கெடுக்க எனக்கு மனசில்லை. போனில் சொல்லலாம்தான், ஹீட்டர் சத்தத்தில் உனக்குச் சரியாகக் கேட்காது. சுகன்யாவைத் தீர்க்க சுமங்கலியாக இரு என்று வாழ்த்தி எழுதினேன், எழுதியதை அடித்தேன், அந்தப் பெண் எனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று மறுபடியும் எழுதுகிறேன், தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும். நீயும் நோய் நொடி இல்லாமல் இரு, பனியில் காதை மூடிக்கொள். நான் செய்தது பெற்றவள் செய்யும் காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் செய்ததை மாற்ற ஆற்றில் வழி இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. வருகிற மார்கழி அமாவாசைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு ஒரு இலை போட வேண்டும், பேரைச் சொல்லி எள்ளு விட்டுவிட்டேன், இனி போடாமல் இருக்க முடியாது. நீ இங்கே இருந்தவரை தட்டைப்பயறுக் குழம்பும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் என்றால் உயிரை விடுவாய். இத்தனை வருசத்தில் வாய் மாறியிருக்கும், இப்போது உனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பழைய நினைப்பிலேயே ஆக்கி வைத்து, காக்கை தொடாமல் போய்விட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்.

இப்படிக்கு,
சடையன் மனைவி
அத்தாயி